அடிப்பிடித்த உப்புமா

மூன்று வருடங்களுக்கு முன், கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது இது. வறுமை ஒழிப்புத் திட்டங்களின் வரலாறு என் ஆராய்ச்சித் தலைப்பு. முன்பெல்லாம் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானம் போட்ட மஞ்சள் உப்புமாவைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுத வேண்டியிருந்தது. வீடு வீடாக அலைந்தேன். உப்புமா போட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. தின்றவர்தான் ஒருவரும் அகப்படவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள்.

கடைசியில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் போனில் சம்மதித்தார். "ஞாயிற்றுக்கிழமை சர்ச் கழிஞ்சு வா மக்கா, சொல்லுதேன்" என்றார்.

போனால் முற்றத்தில் புதுக் கார் நிற்கிறது. அவர் மகளைப் பெண் பார்க்கக் காஞ்சிரங்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். நழுவப் பார்த்தேன், அவர் மனைவி விடவில்லை. "ரெண்டு எடம் தட்டிப்போச்சு. இதாவது அமையணும் மக்கா" என்று கதவோரம் மெல்லச் சொல்லிவிட்டு, என்னையும் கூடத்தில் உட்கார வைத்தார்.

மாப்பிள்ளையின் அப்பா துணிக்கடைக்காரர், கஞ்சி போட்ட சட்டையும் கனத்த கடிகாரமுமாக இருந்தார். "மோளு என்ன காரியமா வந்தது?" என்று, மகளை அழைப்பதுபோல் என்னைக் கேட்டார்.

ஆராய்ச்சி என்றேன். எதைப் பற்றி என்றார். உள்ளதைச் சொன்னால் இந்த வீட்டுக்கு ஏன் வந்தாய் என்பார். "சும்மா, பழைய பள்ளிக்கூடங்களைப் பத்தி..." என்று மென்று விழுங்கினேன்.

டிரைவர் குறுக்கே வந்தார். "நானாக்கும் வரச்சொன்னது. சின்னதுல எங்க வீட்டுல அடுப்பு எரியாத நாள் உண்டு. ஸ்கூல் உப்புமா தின்னு வளந்தவன் நான். அதக் கேக்க வந்திருக்கு."

மனைவி கையில் டீ தட்டோடு அப்படியே நின்றார். மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில், அவளும் இதை அன்றுதான் கேட்கிறாள் என்று தெரிந்தது. இந்த நேரத்திலா சொல்ல வேண்டும் என்று எனக்கு அவர்மேல் கோபமே வந்தது.

துணிக்கடைக்காரர் டிரைவர் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார். "அடிப்பிடிச்சது அங்க யாருக்குக் கிட்டும்?"

"உப்புமா கிண்டுன உருளியக் கழுவுற பயலுக்கு" என்றார் டிரைவர்.

"எங்க ஸ்கூல்லயும் அப்பிடித்தான். அதுக்காகவே நான் கழுவ நிப்பேன்."

இப்போது அவருடைய மகன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தான். அதன் பிறகு இருவரும் எங்களை மறந்துவிட்டார்கள். உப்புமா வாங்க வட்டயிலை பறித்த கதையை ஒருவர் தொடங்கினால், இலை வழியே சூடு கையைச் சுட்டதை மற்றவர் சொல்லி முடித்தார். ரெக்கார்டரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டுபோய் அந்த அம்மா திரும்பவும் போட்டு வந்தார்.

காரக்கோணத்தில் நடந்த கல்யாணத்துக்கு நானும் போனேன். பந்தி முடிந்ததும் சம்பந்திகள் இருவரையும் காணோம் என்று தேடினார்கள். சமையல் பந்தலில் நின்று பாயச உருளியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

மகளின் கல்யாணம் கைநழுவிப் போகலாம் என்று தெரிந்தும் ஒருவர் தன் பழைய பசியை ஒளிக்காமல் சொன்னார். எதிரே இருந்தவரும் அதுவரை தனியே சுமந்ததை இறக்கிவைத்தார். இப்போதெல்லாம் வெளியே சொல்லக் கூசும் ஒன்று என் மனதில் கிடந்து அழுத்தினால், அந்தக் கூடத்தை நினைத்துக்கொண்டு, யாராவது ஒருவரிடம் அதைச் சொல்லிவிடுகிறேன்.