சேலைக்குள் இருந்த வெள்ளைக்காரன்

பெரியம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி வராமல் இருந்திருந்தால், நாங்கள் இன்னமும் அந்த வெள்ளைக்காரனுக்குத்தான் கோழி அறுத்துக்கொண்டிருப்போம்.

மலேசியாவில் சித்தியவான் பக்கத்தில் எங்கள் குடும்பம் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிய தோட்டம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காடு. லயத்து வீடுகள் இல்லை, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையும் இல்லை. மிச்சமிருப்பது இடுப்புயரக் கருங்கல் ஒன்று. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு போவோம். கல்லுக்கு மஞ்சள் பூசி, புதுச் சிவப்புச் சேலை கட்டி, கோழியும் ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும் வைத்துப் படைப்போம். மூன்று முறை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்.

அவள் என் தாத்தாவைப் பெற்றவள். முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்காத காலம் அது. யாரும் யாரையும் சுடவில்லை. ஒரு நாள் காலையில் ராணுவ விமானம் ஒன்று இன்ஜின் கெட்டுத் தோட்டத்துக்குள் விழுந்தது. தாத்தா ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் கிடந்தார். அவள் தன் நிரையில், தனக்கு விட்ட மர வரிசையில், பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேல்தான் விழுந்தது. சில மாதம் கழித்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அந்த இடத்தில் கல் நட்டார். அவளுக்காகத்தான் நட்டார் என்று எங்கள் ஆட்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்? அவர்களைப் பொறுத்தவரை அங்கே செத்தது அவள்தானே.

சேலை மாற்றுவது மறைப்புக் கட்டி உள்ளே நடக்கும். குடும்பத்தின் மூத்த பெண் மட்டும்தான் போகலாம். அவள் உடம்பை மற்றவர்கள் பார்க்கக் கூடாது. அப்படிப் போனவர்கள் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, என் அப்பாவின் அண்ணியான பெரியம்மா வரைக்கும். மஞ்சளுக்கு அடியில் எழுத்து இருப்பது கைக்குத் தெரியும். அவள் பெயராகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

பெரியம்மா நடக்க முடியாமல் போன வருடம் என் முறை வந்தது. நான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. நாள் முழுக்க இங்கிலீஷ் படிப்பதுதான் என் பிழைப்பு. உள்ளே போய்ப் பழைய மஞ்சளைத் தேய்த்துக் கழுவினேன். இங்கிலீஷில் ஒரு வெள்ளைக்கார ஆணின் பெயர் வந்தது. விமானப் படையில் அவன் பதவி, வயது. கொஞ்சம் இடம் விட்டு, செத்த தேதி. கடமையில் உயிர் நீத்தான் என்று ஒரு வரி. நான்கு பக்கமும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். அவளைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

"என்னாடி இவ்ளோ நேரம்? சேல கட்டத் தெரியலையா?" வெளியிலிருந்து பெரியம்மா சத்தம் போட்டார்.

கட்டினேன். வெள்ளைக்காரனுக்குக் கொசுவம் வைத்து நானும் ஒரு தடவை கட்டினேன்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. சில மாதம் கழித்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் விழுந்த ராணுவ விமானங்களைத் தேடித் தேடிக் குறித்து வைப்பது அவர் பொழுதுபோக்கு. தடித்த ஃபைல் ஒன்று வைத்திருந்தார். காட்டில் விழுந்தது, கடலில் விழுந்தது, இறங்கும்போது குப்புறக் கவிழ்ந்தது எல்லாம் இருந்தன. என்ன இன்ஜின், ஓட்டியவன் யார், என்ன கோளாறு, ஒன்று விடவில்லை.

"ஒங்க தோட்டத்துல எத்தன மரம் முறிஞ்சிச்சின்னுகூட ரிப்போர்ட்ல இருக்கும்மா," என்றார் பெருமையாக.

"கீழ செத்தவ பேரு எங்கண்ணே இருக்கு?"

பக்கங்களைப் புரட்டினார். "அதெல்லாம் யாரும் எழுதி வைக்கலையேம்மா."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். செத்த விமானியின் தம்பி பேரன் இங்கிலாந்திலிருந்து வருகிறாராம். கல்லை இவ்வளவு காலம் காப்பாற்றியதற்கு எங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாராம். "அந்தச் சேலைய மட்டும் கொஞ்சம் எடுத்துருங்கம்மா. படம் புடிக்கணும்லா."

"எடுத்துர்றேண்ணே," என்று சிரித்தேன். "சுத்தமா எடுத்துர்றேன்."

அன்றைக்கே பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இத்தன வருசமா நான் எவனுக்குடி மஞ்ச பூசினேன்?"

நான் செய்யப்போவதைச் சொன்னேன். "பெருசா வெட்டச் சொல்லு," என்றார்.

ஈப்போவில் சமாதிக் கல் செதுக்கும் சீனர் ஒருவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். காகிதத்தில் அவள் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வயது என்ன என்று மலாயில் கேட்டார். தெரியாது. இறந்த தேதி? கல்லைக் காட்டினேன். அவள் செத்த தேதி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அவன் பெயருக்குக் கீழே இருந்ததால்தான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன், அதுவரை ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

இது வேறு ஆள் கல்லாயிற்றே என்று தயங்கினார். அந்த ஆள் விழுந்ததே இவள் மேல்தான் என்றேன். முகமூடியை மாட்டிக்கொண்டு மிஷினைப் போட்டார். வெட்ட வேண்டிய இடத்தை நான் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்திருந்தேன்.

விருந்தாளி வந்தார். அறுபது வயதிருக்கும், சாதுவான மனிதர்தான். மலர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் எழுத்து என்ன என்று கேட்டார். வாத்தியார் முகம் செத்துப்போனது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

நான் வெள்ளைக்காரரிடம் அவர் மொழியிலேயே சொன்னேன். உங்கள் ஆள் விழுந்தபோது கீழே இருந்தவள் இவள். கொட்டகையில் இவள் பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. நீங்கள் நன்றி சொன்னது இவளுக்குச் செய்த பூசைக்கு.

தொப்பியைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. வேனிலிருந்து இறங்க முடியாத பெரியம்மா சூடத் தட்டை ஏற்றி அவர் கையில் கொடுக்கச் சொன்னார். வெள்ளைக்காரர் அதை வாங்கிக் கல்லுக்கு மூன்று சுற்றுக் காட்டினார். எனக்கு அப்போதும் மனம் ஆறவில்லை.

வாத்தியார் கேமராவை எடுத்தார். வெள்ளைக்காரன் பெயரும் தேதியும் மட்டும் படத்தில் விழ வேண்டும் என்று குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார், கிட்டப் போனார். பெயர் வந்தால் தேதி வரவில்லை, தேதி வந்தால் பெயர் வரவில்லை. இரண்டும் வந்தால் நடுவில் அவள் வந்தாள். அதற்கென்று பார்த்துத்தான் அங்கே கோடு போட்டிருந்தேன்.