கருப்பட்டிப் பாகும் ஐந்து காலிப் பெட்டிகளும்

எட்டுப் பெட்டிகளில் ஐந்து காலி. சாத்தான்குளம் பக்கத்தில் நாங்கள் தொடங்கிய தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே தேனீ வளர்ப்பு ஃபீல்டுமேன். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பெட்டியைத் திறந்து, தேனடைச் சட்டத்தைத் தூக்கி, ராணி இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. எட்டு வீட்டுக்காரர்களைப் பேசிப் பேசிச் சங்கத்தில் சேர்த்தவனும் நான்தான். பெட்டிகளைச் செய்தவர் தச்சர் அந்தோணி. தூத்துக்குடிக்காரர், கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்டவர். துறைமுகத்தில் கழித்துப் போடும் பலகைகளை ஏலத்தில் எடுத்து வந்து கச்சிதமாக இழைத்துத் தருவார். அவரும் உறுப்பினர்.

இதைப் பேச, சங்கத் தலைவர் தங்கையா அண்ணாச்சி கருப்பட்டி அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் கூடினோம். வந்ததும் அவர் அந்தோணி மேல் பாய்ந்தார்.

"துறைமுகத்துப் பலகையில என்ன மருந்து அடிச்சிருந்தானோ! ஈ ஓடாம என்ன செய்யும்? நீரு இனி சங்கத்துப் பக்கம் வரவேண்டாம்வே."

"என் வீட்டுப் பெட்டியிலயும் ஈ போயிட்டு, அண்ணாச்சி. எனக்கு நானே மருந்து வைப்பனா?" என்றார் அந்தோணி. யாரும் காதில் வாங்கவில்லை.

செயலாளர் ஜெயமணி டீச்சர் மட்டும், "என் பெட்டியும் அதே பலகதான். ஈ நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

மழைக்காலத்தில் பூ இருக்காது. தேனீக்குத் தீனியாகப் பாகு வைக்க வேண்டும். என்ன பாகு வைத்தீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன்.

"சீனிப் பாகுதான். எனக்குச் சீனி வியாதில்லா? ரேஷன் சீனி அப்படியே மிஞ்சிக் கிடந்துது."

தப்பிய மற்ற இரண்டு வீடுகளிலும் சீனிதான். காலியான ஐந்திலும் கருப்பட்டி. சீனி கிடைக்காவிட்டால் கருப்பட்டியைக் கரைத்து வையுங்கள் என்று சொன்னவன் நான். பனங்காட்டில் பிறந்தவனுக்குக் கருப்பட்டி மேல் சந்தேகம் வராது. ஆனால் அது தேனீக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி வாசலில் பழுப்புத் திட்டுகளைப் பார்த்தும், மழைச் சேறு தெறித்தது என்று துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பேர் தப்பும். அந்தோணி பேர் போகும். கொஞ்ச நேரம் மூடிக்கொண்டும் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பிறகு எழுந்து, தப்பு பலகையில் இல்லை, நான் வைக்கச் சொன்ன கருப்பட்டியில்தான் என்று சொல்லிவிட்டேன்.

"என்னவே சொல்லுதீரு? பச்சப்புள்ளைக்கே கருப்பட்டி குடுக்கோம், ஈக்கு ஆவாதா?" என்றார் தங்கையா.

எல்லோரையும் அந்தோணி வீட்டுக்கு அழைத்துப் போய்க் காலிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். சட்டமெல்லாம் திட்டுத் திட்டாகக் கழிச்சல். தங்கையா குனிந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "சரிவே, அடுத்த பெட்டிக்குப் பலக பாரும்" என்றார் அந்தோணியிடம். தங்கையா கேட்கும் மன்னிப்பு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். யார் பெட்டி காலியானாலும், எல்லோரும் கூடித் திறந்து பார்த்த பிறகே பேச்சு. தேனைக் காட்டி அழைத்தபோது வராதவர்கள், காலிப் பெட்டியை வேடிக்கை பார்க்க வந்து உறுப்பினர் ஆனார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் கிட்டங்கியில் இடம் போதாமல் பள்ளிக்கூடத்துக்கு மாறினோம்.

புதியவர்களுக்கு முதல் வகுப்பு நான்தான் எடுப்பேன். செய்த தப்பைச் செய்தவனே முதலில் சொல்ல வேண்டும் என்பது நான் கற்ற பாடம். ஆனாலும் சில நாள் நைசாக என் தப்பைத் தாண்டி, தேனடைச் சட்டத்தைக் கையில் எடுத்துவிடுவேன். உடனே பின்வரிசையிலிருந்து அந்தோணியின் குரல் வரும்.

"சார், கருப்பட்டிய விட்டுட்டியளே."

சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, கருப்பட்டியிலிருந்து தொடங்குவேன்.