எடுக்க வேண்டாத அழைப்பு

என் மகள் இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டாள் என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருக்கும் என் மச்சாளுக்கு எனக்கு முன்பே தெரிந்துவிடும். மகளும் நானும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே வீட்டில், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் படுத்து எழும்புகிறவர்கள்.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை, மகளுக்கு மாமி. மகளின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு அவள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். அதே மாதிரி ஒன்றைத் தன் கையிலும் கட்டியிருந்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடைப் போட்டி. நடக்க நடக்கத் திரையில் ஒரு பச்சை வட்டம் நிறையும். ஒருத்தியின் வட்டம் நிறைந்தால் மற்றவளின் மணிக்கட்டு அதிரும். நித்திரைக் கணக்கும் அப்படியே மற்றவளுக்குப் போகும். நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கையைப் பார்த்துச் சிரிப்பாள்.

"என்ன?"

"மாமி ஏமாத்துறா அம்மா. வீட்டுக்குள்ளையே சுத்திச் சுத்தி நடக்கிறா."

அவள் சிரித்து முடிக்கும்வரை நான் கரண்டியோடு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மச்சாள், "உங்கடை மகள் நேற்று ஐஞ்சு மணித்தியாலந்தான் நித்திரை கொண்டவள், கவனியுங்கோ" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். எனக்கோ அவள் என் அடுப்படிக்குள் வந்து என் பானையைத் திறந்து பார்த்ததுபோல் இருக்கும். எனக்கும் அதைக் காட்டு என்று ஒருநாள் மகளிடம் கேட்டேன். "அதுக்கு உங்களிட்டையும் மணிக்கூடு இருக்கவேணும் அம்மா" என்றாள். நானும் ஒன்று வாங்கியிருக்கலாம். ரோசம் விடவில்லை.

மச்சாளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பத்து வயதில் மகள் பள்ளியிலிருந்து தனியாக நடந்து வரத் தொடங்கியபோது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. வீட்டுக் கதவைத் திறந்ததும் எனக்கு அடித்து, இரண்டாவது மணியோடு வெட்டிவிட வேண்டும். நான் எடுக்கக் கூடாது. ஊரில் எல்லோரும் செய்ததுதான்; பஸ் ஏறினால் ஒரு மிஸ்ட் கோல், வந்து சேர்ந்தால் ஒரு மிஸ்ட் கோல். எவ்வளவு நேரமும் இலவசமாகக் கதைக்கலாம் என்று ஆன பிறகும் நான் அதை விடவில்லை.

நான் வேலை செய்வது ஒரு கார்டெரியில். தாய் தகப்பன் வேலைக்குப் போகும் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே பொறுப்பாக இருக்கும் பெண்ணுக்குக் கையில் தொலைபேசியைக் கண்டால் பிடிக்காது. அதனால் அது சத்தமில்லாமல் என் சட்டைப் பையில் கிடக்கும். நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இடுப்போடு அதிரும். பிள்ளை வந்துவிட்டாள். திரையைக்கூடப் பார்க்க மாட்டேன். தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக மிச்ச வேலையைச் செய்வேன். அவளுக்கு வட்டம், எனக்கு இது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்த மாசி மாதத்து நாளில் காலையிலிருந்தே உறைமழை, விழுந்த இடத்திலேயே கட்டியாகிற மழை. பின்னேரம் ஒரு குழந்தைக்குப் பனிச்சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். கால் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. இடுப்பில் அதிர்ந்தது. வந்திட்டாள் என்று நினைத்தேன். அன்று கொஞ்சம் நீளமாக அதிர்ந்ததோ என்று இப்போது கேட்டால் ஆம் என்றுதான் சொல்வேன். அப்போது என் கவனமெல்லாம் சப்பாத்தில் இருந்தது. தொலைபேசியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஐந்து மணிக்குத் திறந்தபோது மச்சாளிடமிருந்து ஆறு அழைப்புகள்.

வீட்டு வாசலின் இரும்புப் படிகளில் பனிக்கட்டி படிந்திருந்தது. மேல்படியில் சறுக்கிய மகள் கீழே வந்து விழுந்திருக்கிறாள். பை ஒரு பக்கம் பறந்துவிட்டது. தொலைபேசி அதற்குள். வலது கை உடைந்து உடம்புக்குக் கீழே. இடது கையில் இருந்த கடிகாரம் அவள் விழுந்ததை அறிந்து தானாகவே ஆட்களை அழைத்திருக்கிறது. ஆபத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே அதில் பெயர் போட்டு வைக்கலாமாம். மச்சாள் எடுத்திருக்கிறாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காரில் பாய்ந்து வந்திருக்கிறாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகளின் நெற்றியில் தையல், கையில் மாவுக்கட்டு. மற்றக் கை மச்சாளின் கைக்குள் இருந்தது. மச்சாள் தாதியோடு மளமளவென்று பிரெஞ்சில் கதைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"பயப்பிடாதேங்கோ மச்சாள். எல்லாம் பார்த்தாச்சு."

காலில் விழுந்து நன்றி சொல்லியிருக்க வேண்டிய நேரம். என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஆபத்தென்றால் யார் என்று கேட்டபோது என் பிள்ளை மாமியின் பெயரைப் போட்டிருக்கிறாள்.

இரண்டு கிழமை அதையே மென்றுகொண்டிருந்தேன். சோறு குழைத்து ஊட்டினேன், குளிக்க வார்த்தேன், காலையில் தலை பின்னிவிட்டேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை; மச்சாளிடம் முகங்கொடுத்துக் கதைக்கவுமில்லை. இரண்டாவது ஞாயிறு மச்சாள் வந்தாள். "இதென்ன பின்னல், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிக்குது" என்று நான் பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள்.

"அந்த மணிக்கூட்டில உன்ரை நம்பரைப் போடச் சொன்னது ஆர்? நீயோ?" என்றேன்.

சீப்பு நின்றது. "பேந்து கதைப்பம் மச்சாள்."

"இப்பவே கதை. பெத்தவள் ஒருத்தி இருக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லையோ?"

"மாமி, நான் சொல்லப்போறன்" என்றாள் மகள்.

"வேண்டாமடி."

"முதல் பேர் நீங்கள்தான் அம்மா. முதல் உங்களுக்குத்தான் அடிச்சது. நீங்கள் எடுக்கேல்லை. பேந்துதான் மாமிக்குப் போனது."

தொலைபேசியில் மணிக்கூட்டின் அன்றைய பதிவைத் திறந்து காட்டினாள். மேலே அம்மா. பதில் இல்லை. அதற்குக் கீழே மாமி. நேரத்தைப் பார்த்தேன். அந்த நிமிடத்தில்தான் நான் நிம்மதியாக அலுமாரியைப் பூட்டினேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மாமிதான் வேண்டாமெண்டவா. நீங்கள் தாங்கமாட்டியளாம்."

அதிலும் மச்சாள்தான் முந்திக்கொண்டாள். இரண்டு கிழமை என் முகத்திருப்பலையெல்லாம் வாங்கிக்கொண்டு, எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தோடு வந்திருக்க வேண்டிய நன்றிகூட எனக்கு எரிச்சலோடுதான் வந்தது. படியில் கிடந்து, மணிக்கட்டில் என் பெயர் எழும்பி அணைந்ததை மகள் பார்த்திருப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

"மாமியை முதல்ல போடட்டோ?" என்றாள் மகள். குத்திக் கேட்கவில்லை. "உங்களுக்கு வேலையில எடுக்கேலாதுதானே."

மச்சாள் சீப்பிலிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை. நான்தான்."

"அப்ப எடுக்கவேணும். ஒவ்வொரு முறையும்."

"எடுப்பன்."

நான்கு மணி அழைப்பை இனி எடுப்பேன் என்று மறுநாள் பொறுப்பாளரிடம் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். இப்போது மாவுக்கட்டு கழற்றியாயிற்று. நான்கு மணிக்கு முன்னால் இடுப்பில் அதிர்ந்தவுடன் எடுக்கிறேன்.

"வந்திட்டியோ?"

"ஓம் அம்மா, வந்திட்டன்." பின்னால் சாவிச் சத்தம், பை விழும் சத்தம். இந்த ஐந்து வருடமும் நான் கேட்காமல் விட்ட சத்தங்கள்.

போன வியாழக்கிழமை எடுத்தபோது, "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, மாமி மற்ற லைனில நிக்கிறா" என்றாள்.

ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வெட்டவில்லை. காதில் வைத்தபடி நின்றேன்.