துண்டு சுற்றிய கை

அரியலூரில் செந்துறை பஸ் ஏறியபோது ஒரு பெரியவர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. நரைத்த மீசை, சலவைச் சட்டை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தண்ணீரில் இரண்டு வளர்ப்பு மீன்கள். பையில் விரல் படாதபடி கையில் துண்டைச் சுற்றியிருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் பையை முகத்துக்கு நேரே தூக்கி, செவுள் அசைகிறதா என்று பார்த்தார்.

"ஏங்க துண்டு? கையாலயே பிடிக்கலாமே" என்றேன்.

"நம்ம கை ஆகாதுங்க. தொட்டியில நான் விட்ட மீனெல்லாம் மறுநாளே செத்துப்போச்சு. மவளுக்குக் கொழந்தை பொறந்திருக்கு. இன்னும் தூக்கலை. பயமா இருக்குங்க."

தொட்டியின் அடியில் என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன்.

"கொல்லையில பொறுக்குனதுங்க. கிளிஞ்சல் பதிஞ்ச வெள்ளைக் கல்லு."

"அது சுண்ணாம்புக் கல்லுங்க. தண்ணியில கரைஞ்சு காரத்தன்மையை ஏத்திடும். கடைத் தண்ணியில பழகுன மீனை திடீர்னு அதுல விட்டா தாங்காது. ஆத்துக் கூழாங்கல்லைப் போட்டு, தண்ணியை மாத்துங்க. தொட்டித் தண்ணியைப் பையில கொஞ்சம் கொஞ்சமா கலந்துட்டு, அப்புறம் விடுங்க."

"அப்ப கை இல்லைங்களா? கல்லா?"

"கல்லுதாங்க."

அவர் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் உள்ளங்கையில் பையை ஏந்தினார். அடுத்த பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்தது. அவர் அவசரமாகத் துண்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டார்.

கல்லை மாற்றியிருப்பார். குழந்தையைத் தூக்கினாரா என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.