ஓதிய தண்ணீரும் டீசல் டாங்கியும்

எங்கள் ட்ரக்டரின் டீசல் டாங்கியில் தண்ணீர் ஊற்றியது நான்தான். என் கணவரோ பழியைத் தன் நானாவின் தலையில் போட்டு, ஏறக்குறைய மூன்று வருடமாகக் கூடப்பிறந்த அண்ணனோடு பேசாமல் இருந்தார். உண்மை தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் என்னை வாயாடி என்பார்கள். அவ்வளவு பெரிய வாய், திறக்க வேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டது.

நடந்தது இதுதான். கலேவெலை டவுனுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. ஒரு நாள் வரம்பில் ஏறும்போது ட்ரக்டர் சரிந்து, இவர் மயிரிழையில் தப்பினார். நான் பயந்துபோய் பள்ளிவாசல் லெப்பையிடம் ஒரு போத்தல் தண்ணீர் ஓதி வாங்கி வந்தேன். இவருக்கு இந்த ஓதிப் பார்க்கிற வேலையெல்லாம் கட்டோடு பிடிக்காது. அதனால் இவர் தொழப் போன நேரம் பார்த்து நாலு சக்கரத்திலும் தெளித்தேன். போத்தலில் பாதிக்கு மேல் மிஞ்சியது. ஓதிய தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது. எங்கள் முற்றத்தில் கோழி, ஆடு, மனுசன் என்று கால் படாத இடமே கிடையாது. ட்ரக்டரும் காலையில் தண்ணீர் குடிக்கிறதுதானே, மிச்சத்தை அதுவே குடிக்கட்டும் என்று ரேடியேட்டரில் ஊற்றினேன். அது ரேடியேட்டர் இல்லை. ஒரே பக்கத்தில் இரண்டு மூடி இருக்கும், ஒன்று தண்ணீருக்கு, மற்றது டீசலுக்கு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் நடு வயலில் வண்டி நின்றது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி, அடியில் நின்ற தண்ணீரைக் காட்டினார். "இது யாரோ ஊத்தின தண்ணி" என்றார். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வாய்க்கால் தண்ணீர் யாருடைய வயலுக்கு முதலில் என்று இவரும் நானாவும் சண்டை பிடித்திருந்தார்கள். இவர் நேராக நானாவின் வீட்டு வாசலில் போய் நின்று, ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்தார். வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். இவர் முகம் இருந்த இருப்பில் எனக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அப்படி எத்தனையோ நாளை போய்விட்டது.

டாங்கி உள்ளுக்குள் துருப்பிடித்து, பொருக்கு உதிர்ந்து ஃபில்டரை அடைத்துக்கொண்டே இருந்தது. இவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ட்ரக்டரின் மேல் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கட்டி, அதிலிருந்து குழாய் இழுத்து ஓட்டினார். சேலைன் ஏற்றிய நோயாளி மாதிரி அந்த வண்டி போகும். போன மாதம் கேன் வெயிலில் வெடித்து டீசல் ஒழுகியது. பெரும்போக விதைப்புக்கு உழ வேண்டும். பழைய டாங்கியையே துப்புரவாக்கி, உள்ளே மறுபடி துருப்பிடிக்காதபடி சீலர் பூசிவிடுவது என்று இவர் இறங்கினார்.

அதே வாரம் நானாவின் மகளுடைய நிக்காஹ் அழைப்பிதழ் வந்தது. மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கிற வீட்டிலிருந்து தபாலில் வந்தது. பிறந்த அன்று அந்தப் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னவர் இவர். அழைப்பிதழைப் பிரிக்காமலே அலுமாரிக்கு மேல் போட்டார்.

"நாம போறல்ல" என்றார்.

வாப்பாவின் தம்பியான சாச்சா இல்லாமல் அந்தப் பிள்ளையின் நிக்காஹ் முடிந்துவிட்டால், பிறகு நான் எதைச் சொல்லியும் பிரயோசனமில்லை. வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று ஊருக்கே தெரியும், அதற்கு முன் சொல்லியாக வேண்டும்.

டாங்கி வேலை நாலு நாள் எடுத்தது. முதலில் சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டுக் கழுவினோம். பிறகு பழைய சைக்கிள் செயினைத் துண்டுபோட்டு உள்ளே விட்டு, வாயை அடைத்துக் குலுக்கினோம். துரு செம்மண் தண்ணீராக வந்தது. வினாகிரி ஊற்றி இரண்டு நாள் ஊற வைத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய விட்டோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் இவர் நானாவைத் திட்டினார்.

"செஞ்ச மனுசன் சொகமா தூங்குறாரு. நான் இங்க கெடந்து குலுக்குறேன்."

செய்த மனுசி மறுபக்கத்தைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

சீலர் இரண்டு டின்னில் வரும். இரண்டையும் கலந்து உள்ளே ஊற்றிய பிறகு, எல்லாப் பக்கமும் ஓடிப் படியும்வரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெல்லப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கீழே வைத்தால் ஒரே மூலையில் தேங்கி இறுகிவிடும், டாங்கி குப்பைக்குத்தான் போகும். இதை இவர் விளக்கிச் சொன்னபோதே எனக்குப் புத்தி வேலை செய்தது. இவர் எழும்பிப் போக முடியாத நேரம் இது ஒன்றுதான்.

மூன்றாவது தரம் புரட்டும்போது சொன்னேன். "இஞ்சாருங்க, தண்ணி ஊத்தினது ஒங்கட நானா இல்ல. நான்தான் ஊத்தினேன்."

இவர் கை நின்றது.

"நிப்பாட்டாதீங்க, எறுகிப் போகும்" என்றேன்.

புரட்டினார். நானும் புரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், லெப்பை, போத்தல், கால் படாத இடம், மூடி. இவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. மிஞ்சிய சீலரைத் தகரத்தில் வடித்து, டாங்கியைக் கவிழ்த்து வைத்து, மண்ணெண்ணெயில் கை கழுவிவிட்டு, "வா" என்றார்.

நானாவின் வீட்டு முற்றத்தில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பலர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். இவருடைய நானா, எனக்கு மச்சான், தனியாக நின்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். இவர் எனக்குப் பின்னால் நின்றார். மச்சான் இவரைப் பார்க்கவே இல்லை.

"ஒன்னில எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். "நீ பயத்துல செஞ்சே, பயத்துல மறச்சே. அவன் எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான்தான் ஊத்தினேன்னு முடிவு பண்ணிக்கிட்டுல்ல வந்தான்."

என் குற்றத்தை ஒரு நிமிடத்தில் மன்னித்துவிட்டார். மூன்று வருடமாக அவரை அரித்தது தண்ணீரே இல்லை.

இவர் என்னைத் தாண்டி முன்னால் போனார். துடைத்த தட்டுகளுக்கு இந்தப் பக்கம் நின்று, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"நானா, என்ட டாங்கியில நீங்களா தண்ணி ஊத்தினீங்க?"

மச்சான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"இல்ல தம்பி" என்றார். "நான் ஊத்தல்ல."