கல்லைக் கலைத்துப் போடுகிறவர்

அம்முலு புருஷனோடு தென்னேரிக்குக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய அப்பா முனிரத்தினம் கையை முழங்கைவரை கண்ணாடித் தொட்டிக்குள் விட்டுக் கற்களைக் கலைத்துக்கொண்டிருந்தார். செவ்வாயில் யாரும் பெண்ணை அனுப்பமாட்டார்கள். மாப்பிள்ளைக்கு ரைஸ் மில்லில் அன்றைக்குத்தான் லீவு.

உத்திரமேரூர் கடைத்தெருவில் முனிரத்தினம் ரேடியோ ரிப்பேர் செய்கிறார். பாதிக் கடையை மீன்தொட்டிகள் பிடித்துக்கொண்டுவிட்டன. இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடிக்குப் பட்டி பூசி, அவரே தொட்டி கட்டுவார். மாதம் ஒருமுறை மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போய், மீன்கள் நீந்தும் பாலிதீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவார். பக்கத்து ஆள் தூங்கி விழுந்தால் முழங்கையால் ஓர் இடி.

அவரிடம் மீன் வாங்குவது சுலபமில்லை. வடக்கே மூன்று வருடம் சுற்றிவிட்டு நான் திரும்பியிருந்த சமயம். ரிப்பேருக்குக் கொடுத்த ரேடியோவுக்காக அந்தச் செவ்வாயன்று நானும் கடையில் காத்திருந்தேன். ஜவுளிக்கடை வேதகிரி தன் மூன்றடித் தொட்டிக்கு ஏஞ்சல் இரண்டு, ஆஸ்கார் இரண்டு என்று கலந்து கேட்டார். "ஆஸ்காருக்கு ஏஞ்சலு நாஷ்டா. அதுக்கு நாஷ்டா வாங்கியார நான் இன்னாத்துக்கு மெட்ராஸ் போவணும்?" என்றார் முனிரத்தினம். மூன்றடிக்கு ஏஞ்சல் என்றால் ஒரே அளவுக் குஞ்சுகளாக ஆறு, அதுவும் ஒரே நாளில் விடவேண்டும். ஆஸ்கார் என்றால் ஒரு ஜோடி, வேறெதுவும் கூடாது. நம் ஏரி ஜிலேபி மீனும் இதே சாதிதான் என்பார். "உள்ள வுட்டா ஒரே வாரத்துல தொட்டிய தன் பேருக்குப் பட்டா போட்டுக்கும்."

பழைய மீன் இருக்கும் தொட்டியில் புதிதாக ஒன்றை விடுவதற்குமுன் கற்களையெல்லாம் இடம் மாற்றிவிடுவார். "பழசுக்கு ஒவ்வொரு கல்லும் அதோட வூடு. புதுசு எங்க போய் நின்னாலும் அடிக்கும். கலச்சிப் போட்டுட்டா ரெண்டுக்குமே புது எடம்."

அம்முலு என்னோடு பெண்கள் பள்ளியில் எட்டாவதுவரை படித்தவள். பொங்கலுக்கு வந்தபோது அவளுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கிணற்றடியில் வழுக்கியது என்று முதலில் சொன்னாள். பிறகு மாமியார் அடித்தது, புருஷன் அடித்தது என்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கிளம்பும் அன்று மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு முன்கூட்டியே போய்விட, அவள் கடை வாசலில் பையோடு நின்றாள்.

"அந்த வூட்ல ஒரு சொம்பக்கூட எடம் மாத்தி வெக்க வுடமாட்றாங்க நைனா. நான் போவல."

"புதுசுல அப்பிடித்தான் இருக்கும்மா. போவப் போவ பழகிடும்," என்றார் அவர், தொட்டியிலிருந்து கையை எடுக்காமல்.

அவள் சற்று நேரம் மீன்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாசி பிறப்பதற்குள் அவளைக் காணவில்லை என்று தென்னேரியிலிருந்து ஆள் வந்தது. விழுந்திருப்பாளோ என்று அந்த ஊர் ஏரியில் வலை இழுத்தார்கள். முனிரத்தினம் இரண்டு நாள் கரையிலேயே நின்றார். ஒவ்வொரு இழுப்பிலும் ஜிலேபிதான் ஏறியது. மூன்றாம் நாள் வலைக்காரர்கள் அதைக் கரையில் கூறு கட்டி விற்றுவிட்டுப் போனார்கள். போலீசில் எழுதிக் கொடுத்ததற்கும் பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஜோடி கேட்டு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். "தொட்டிக்கு ஒண்ணு போதும். தனியா இருந்தா ஒண்ணும் ஆவாது." வேதகிரி ஒருநாள், "இன்னா முனிரத்தினம், சாமியாருங்களுக்கா மீன் விக்கிற?" என்று கிண்டல் செய்தார். கடையில் யாரும் சிரிக்கவில்லை. மெட்ராஸ் போனால் இப்போது இரண்டு மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு வருகிறார். எங்கே அலைந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, போன ஆடியில், ஒரு தபால் கார்டு வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியும். அம்முலுவின் கையெழுத்துதான்.

'நைனா, உயிரோடு இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன். அங்கேயும் போகமாட்டேன், உங்கள் வீட்டுக்கும் வரமாட்டேன். தேட வேண்டாம்.'

"நீ ஊர் ஊரா சுத்தினவம்மா," என்றார். "முத்திரையில இன்னா ஊரு போட்டுக்கீது, பாரு."

மை அரைவட்டமாகத்தான் விழுந்திருந்தது. ஓர் எழுத்தும் தேறவில்லை. சொன்னேன். அவர் கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு அட்டையின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வாசல் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.