காட்டுமாடு போட்ட பாதை

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு பள்ளியில் ஓர் அறிவிப்பு வந்தது. கீழ் கோத்தகிரிக்கு மேலே, முகட்டுக்கு ஏறிப்போகும் பழைய நடைபாதை புதரடைந்து கிடக்கிறது. வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. அதைச் சீர்செய்ய ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர்கள் வேண்டும். வருகிறவர்களுக்குச் சான்றிதழ், கையுறை, மதியம் தக்காளி சாதம். நான் கையுறைக்காகத்தான் பெயர் கொடுத்தேன். ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கை முழுக்க ரப்பர் புள்ளி வைத்த கையுறை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பினால் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிறு எரியும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து லயன் வீடுகள்வரை கேட்டது. அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். வாரத்தில் ஆறு நாள் சரிவில் நின்றுவிட்டு ஏழாம் நாள் துணி துவைக்கிறவள்.

"புல்லு வெட்டுறதுக்கு சர்ட்டிபிகேட்டு வேற குடுப்பாங்களா? அப்படின்னா எனக்கு ஒரு லாரி நெறைய வரணுமே!"

பாக்டரியில் வேலை பார்த்த அப்பாதான், "போயிட்டு வரட்டும் உடு. போனையே நோண்டிக்கிட்டுக் கெடக்கறதுக்கு அது தேவல" என்று தீர்ப்புச் சொன்னார்.

நாங்கள் பன்னிரண்டு பேர். எங்களைக் கூட்டிப்போனது குன்னூரிலிருந்து வந்த ஓர் அக்கா. தாவரவியல் படித்தவர். வழியில் ஒரு செடியைக் கண்டால் அதன் பெயர், குடும்பம், குணம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல் அடுத்த அடி வைக்க மாட்டார். அதனால் வேலை ஆமை வேகத்தில்தான் நடந்தது. ஆனால் அந்த வேகத்தில் போனதால்தான் எத்தனையோ கண்ணில் பட்டன. ஈரப்பாறை ஓரத்தில், விரல் நகம் அளவே இருந்துகொண்டு பூச்சியைப் பிடித்துத் தின்னும் ஒரு செடியைப் பார்த்தோம். தவிட்டுப்பழம் தின்று நாக்கெல்லாம் ஊதாவாகி ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டிக்கொண்டோம். காலில் அட்டை ஏறியபோது முதல் வாரம் அலறினோம். மூன்றாம் வாரம் யார் காலில் ஏறியது பெரியது என்று போட்டி வைத்தோம். பாதையைக் கெடுப்பது மனிதர் கால் இல்லை, மழைத்தண்ணீர்தான் என்று அக்கா சொன்னதைக் கேட்டு, பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்துத் தண்ணீரைச் சரிவுக்குத் திருப்பிவிட்டோம். அடுத்த மழையில் தண்ணீர் நாங்கள் சொன்ன பக்கமே திரும்பி ஓடியது. அன்று எங்களைப் பிடிக்க ஆளில்லை.

பாதி மலையில் ஓர் ஓடை. அதைத் தாண்டியதும் பாதை காணாமல் போயிருந்தது. போன் மேப்பில் வெறும் பச்சைதான் தெரிந்தது. அக்கா யோசித்துக்கொண்டு நின்றபோது, இடது பக்கம் உண்ணிச்செடிப் புதர் விலகிக்கொடுத்த ஓர் இடைவெளியை நான் பார்த்துவிட்டேன். உள்ளே நல்ல அகலமான, மண் இறுகிய தடம். "இதோ இருக்கு!" என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். சிவப்பு ரிப்பன் சுருளை என்னிடம் கொடுத்து, நான் முன்னால் போய் மரத்துக்கு மரம் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. அன்றுமுதல் நான் நடந்த நடையே வேறு.

மூன்று ஞாயிறு அந்தத் தடத்தைச் செப்பனிட்டோம். படி வெட்டினோம், ஓரத்தில் கல் அடுக்கினோம். ஏற்றமே தெரியாமல் அது வளைந்து வளைந்து போன அழகைப் பார்த்து, அந்தக் காலத்து ஆட்களின் மூளையே மூளை என்று நான் வியந்து பேசினேன். நான்காம் ஞாயிறு பாதை முடிந்தது. முகட்டில் அல்ல, ஒரு சேற்றுக்குட்டையில். குட்டைக்கு அந்தப் பக்கம், முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்டதுபோன்ற கால்களோடு, காட்டுமாட்டுக் கூட்டம் ஒன்று அசைபோட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூச்சு விடாமல் பின்வாங்கி ஓடைவரை வந்தோம். வந்த பிறகு, காட்டுமாட்டுக்குப் படி வெட்டிக்கொடுத்த கதையை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். அடுத்த ஞாயிறு திறப்புவிழா. தலைமையாசிரியையும் பெற்றோர்களும் முகட்டுக்கு நடந்து வரப்போவதாக எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா துவைத்துக்கொண்டிருந்தாள். விக்கி விக்கிச் சொன்னேன்.

"ஓடை தாண்டி எந்தப் பக்கம் திரும்புனீங்க?"

"இடது பக்கம்."

"ஏம் புள்ள, பாதை வலது பக்கமல்ல போகுது?"

அம்மா ஒருநாளும் அந்த மலையில் ஏறியவள் இல்லை. உனக்கெப்படித் தெரியும் என்றேன்.

"ஏழாம் நம்பர் காட்டுல கொழுந்தெடுக்க நின்னா எதுத்தாப்புலதான அந்த மலை. காலைல வெயிலு சாஞ்சு விழுகறப்ப கோடு போட்டாப்புலத் தெரியும்." சோப்பு நுரையைத் தொட்டுத் துவைகல்லில் வரைந்தே காட்டிவிட்டாள். ஓடை, வலது பக்கம், ஆனை முதுகாட்டம் ஒரு பாறை, இரண்டு வளைவு, ஒற்றை மரம், முகடு.

இரவோடு இரவாக அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா அம்மாவிடம் பேசினார். காய்ச்சல் வந்தால்கூட லீவு போடாத அம்மா, சனிக்கிழமைக்கு லீவு சொன்னாள். தனியாகவும் வரவில்லை, கூடக் கொழுந்தெடுக்கும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு, செருப்பும் இடுப்பில் கட்டிய சாக்குமாக வந்து நின்றாள்.

"நீங்க வழி மட்டும் காட்டுனாப் போதுங்கம்மா. வெட்டுறத பசங்க பாத்துக்குவாங்க" என்றார் அக்கா.

"ஆகட்டுங்க டீச்சர்" என்று அம்மா கையைக் கட்டிக்கொண்டாள். அக்கா டீச்சர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. நான் கத்தியைப் பிடித்து வெட்டிய அழகை ஐந்து நிமிடம் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "கொடு இங்க!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது. அந்த மூன்று பேரும் புதருக்குள் புகுந்துபோன வேகத்துக்கு, வெட்டிப்போட்ட கிளைகளை இழுத்துப்போடவே எங்கள் பன்னிரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அம்மா சொன்ன இடத்தில் ஆனை முதுகுப் பாறை இருந்தது. அதன் அடியில் உண்ணிச்செடியை விலக்கியபோது, பாசி பிடித்த பழைய கல்படி ஒன்று தெரிந்தது. அதற்கு மேல் இன்னொன்று. ஒவ்வொரு படிக்கும் நாங்கள் போட்ட கூச்சலில் காட்டிலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்தன. அக்காவோ செடிப் பெயர் சொல்வதையே மறந்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு எங்களோடு கிளை இழுத்தார்.

மறுநாள் விழா நன்றாகவே நடந்தது. தலைமையாசிரியை நான்கு இடத்தில் உட்கார்ந்து, ஐந்தாவது இடத்தில் முகட்டைத் தொட்டார். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது முந்தின நாள் பிற்பகல்தான்.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. காற்று ஆளைத் தள்ளியது. தூரத்தில் சமவெளி பளபளவென்று கிடக்க, எல்லோரும் அந்தப் பக்கம் ஓடிப் படம் எடுத்தோம். அம்மாவோடு வந்தவர்கள் வெற்றிலைப் பையைப் பிரித்தார்கள். அம்மா மட்டும் மறுபக்கம், எங்கள் எஸ்டேட்டைப் பார்த்து நின்றாள்.

"ஏழாம் நம்பர் காடு எது புள்ள?"

காட்டினேன். அவள் நாள் முழுக்க நிற்கும் சரிவு, உள்ளங்கை அளவு பச்சையாகத் தெரிந்தது. அதில் புள்ளி புள்ளியாக ஆட்கள். அம்மா மெல்லச் சிரித்தபடி கையை உயர்த்தி ஆட்டினாள்.

"அங்கிருந்து பாத்தா நம்மளத் தெரியாதும்மா."

"தெரியும். இங்க யாராச்சும் நின்னா நல்லாவே தெரியும்" என்றாள்.

எனக்குப் பசி. தக்காளி சாதத் தூக்கு கீழே ஓடைப் பக்கம் இருந்தது, பையன்கள் முந்திவிடுவார்கள். போகலாம் வா என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இரு கண்ணு. இன்னும் கொஞ்சம்."

விடிந்ததிலிருந்து வெட்டியவள், கால் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். தேடிப்பிடித்து ஒரு தட்டையான கல்லைத் தூக்கிவந்து, உட்காரம்மா என்று அவள் பக்கத்தில் போட்டேன். அம்மா உட்காரவே இல்லை.